அப்பாவின் பெயரில் நீ இறங்கிய தண்ணீர்

மகனே,

வியாழக்கிழமை நீ ரயில் ஏறுகிறாய். இரண்டு வருடம் வீட்டுப் பக்கம் வரக்கூடாது, வருடத்தில் இரண்டு தடவைதான் தொலைபேசி எடுக்கலாம், கிழமைக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்பதெல்லாம் உங்கள் மோர்மன் சபையின் சட்டம் என்று சொல்லியிருக்கிறாய். அப்படியானால் முதல் கடிதம் என்னுடையதாக இருக்கட்டும். நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார், எழும்ப இரண்டு மணித்தியாலம் ஆகும். அவருடைய சமையலறை மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்யவென்று நீ வாங்கி அடுக்கியிருக்கிற வெள்ளைச் சட்டைகளை எல்லாம் நான்தான் இஸ்திரி போட்டேன். அவற்றுக்கு அடியில் இதை வைக்கப் போகிறேன், வடக்கே போய்ப் பெட்டியைத் திறக்கும்போது படி. முகத்துக்கு நேரே கதைத்தால் நீ அந்த மெல்லிய குரலில் பதில் சொல்லத் தொடங்கிவிடுவாய். உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அந்தக் குரல் எங்கிருந்துதான் வருகிறதோ தெரியாது, அதைக் கேட்டால் எனக்கு வாய் அடைத்துப் போகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

இதை நீ ஒளித்து வைக்கத் தேவையில்லை. உன்னோடு வருகிற மற்றப் பெடியனுக்கு வாசித்துக் காட்டினாலும் காட்டு, உன் சபையில் எழும்பி நின்று வாசித்தாலும் வாசி. எங்கள் கோயில் ஆட்கள் கேட்டால் நானும் இதைத்தான் சொல்லப் போகிறேன். இந்த வீட்டில் ஆளுக்கு ஆள் மறைத்தது போதும்.

எனக்கு உன்மேல் கோபம். கோபம் என்பதற்கும் மேலே ஒரு சொல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது வாய்க்குள்ளேயே நிற்கிறது. நீ எனக்குத் துரோகம் செய்தாய். பெற்ற பிள்ளையைப் பார்த்து எழுதுகிற சொல்லா என்று நீ கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஞாயிறு உன்னை வழியனுப்ப உங்கள் மண்டபத்தில் கூட்டம் வைத்தீர்கள். வரமாட்டேன் என்றுதான் இருந்தேன். பிறகு, போகிற பிள்ளை, மனம் கேட்கவில்லை. எங்கள் தமிழ்ப் பூசை முடிந்து அதே சேலையோடு வந்தேன். சிலுவை இல்லை, மெழுகுதிரி இல்லை, ஒரு சுரூபம் இல்லை, மடக்குக் கதிரைகள் போட்டு, பல் வைத்தியரிடம் காத்திருக்கிற அறை மாதிரி இருந்தது. நீ முன்னால் நின்று இத்தாலி மொழியில் பேசினாய். சந்தையில் மீன் விற்கிறவனுக்கு இருக்கிற அதே சிசிலி இழுவை உன் வாயிலும் இருக்கிறது. என்னைப் பற்றிச் சொல்லும்போது அழுதுவிட்டாய். சனம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். கூட்டம் முடிந்து கேக் வெட்டியபோது உங்கள் சபைத் தலைவர், கிழமை நாட்களில் ஃபிரிட்ஜ் திருத்துகிற அந்த நல்ல மனிதர், என்னிடம் வந்தார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, என்னையும் சிஞ்ஞோரா என்று கூப்பிட்டு, உங்கள் கணவருடைய ஞானஸ்நானத்துக்கு நீங்கள் சம்மதம் கொடுத்ததற்கு நன்றி என்றார்.

ஆள் மாறிச் சொல்கிறார் என்று நினைத்தேன். உன் அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது மன்னாரில், பிறந்து பதினெட்டாம் நாள். அவர் செத்து மூன்று வருடமாகிறது. அந்த மனிதர் பொறுமையாக விளக்கினார். உங்கள் சபையில் செத்தவர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கலாமாம், அவர்களுக்குப் பதிலாக உயிரோடு இருக்கிற ஒருவர் தண்ணீரில் இறங்குவாராம். செத்தவர் கிட்டடியில் செத்தவர் என்றால் மிக நெருங்கிய உறவிடம், அதுவும் முதலில் மனைவியிடம், சம்மதம் கேட்க வேண்டுமாம். இங்கே எத்தனையோ விதவைகள் மாட்டேன் என்று கதவைச் சாத்தியிருக்கிறார்களாம், நான் பெரிய மனசுக்காரியாம். போன கோடையில் சுவிஸில் உங்கள் தேவாலயத்தில் நீயே அப்பாவுக்காக இறங்கினாய் என்றும், தான் பக்கத்தில் நின்று பார்த்து அழுததாகவும் சொன்னார். அவருடைய கண் இப்போதும் கலங்கியிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நியெந்தே, நியெந்தே" என்றேன். எட்டு வருடம் இந்த ஊரில் வீட்டு வேலை செய்த வாய், யார் நன்றி சொன்னாலும் பரவாயில்லை, பரவாயில்லை என்றுதான் வரும். கொடுக்காத சம்மதத்தை இப்படி நானே வாயால் உறுதிப்படுத்திவிட்டு, கேக்கும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

வியா மக்வேதாத் தெருவில் நடந்து வரும்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. ஒரு சப்பாத்துக் கடைக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன், கடைக்காரப் பெண் வெளியே வந்து உள்ளே வரச் சொன்னாள். போன கோடையில் சுவிஸுக்குப் போனது இளைஞர் சுற்றுலா என்று சொன்னாய். அந்தப் பயணத்துக்கு விசா எடுக்க உன்னோடு சேர்ந்து அலைந்தவள் நான். நீ கொண்டு வந்த சொக்கிலேற்றைப் பூசை முடிந்து வாசலில் நின்று, மகன் சுவிஸால் கொண்டு வந்தவன் என்று சொல்லிச் சொல்லிப் பங்கிட்டவளும் நான்தான். எங்கள் சுவாமியாரும் இரண்டு எடுத்தார்.

சம்மதம் எங்கே கொடுத்தேன் என்றும் அந்தக் கடைக்கு முன்னால்தான் ஞாபகம் வந்தது. போன வருடம் தவக்காலத்தில் மூன்று ஞாயிறு தொடர்ந்து பின்னேரங்களில் வீட்டில் இருந்தாய். எங்கள் ஆட்களின் பெயரெல்லாம் சொல்லுங்கோ அம்மா, எழுதி வைக்கப் போகிறேன் என்றாய். அப்பா போன பிறகு நீ என்னோடு ஒரு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் இருந்தது அந்த மூன்று நாளும்தான். எங்கள் கோயில் பதிவேடுகள் சண்டையில் எரிந்துபோயின என்று உனக்குத் தெரியும். ஊரில் கேட்டுச் சொல்ல ஒருவரும் மிச்சமில்லை. என் பிள்ளைக்கு அந்த யோசனை வந்துவிட்டதே என்று எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். நீ தேத்தண்ணீர் தொடமாட்டாய் என்பதால் எலுமிச்சம்பழம் கரைத்து வைத்துக்கொண்டு சொன்னேன். பந்தயத்தில் தோணியைத் தோற்றுவிட்டுப் பெண்சாதிக்குப் பயந்து நான்கு நாள் கோயிலுக்குள் ஒளிந்திருந்த உன் பூட்டனைப் பற்றிச் சொன்னேன். ரயில் கார்டோடு ஓடிப்போன அப்பாவின் சின்ன மாமியைப் பற்றி, அவளுடைய பெயரை வீட்டில் பத்து வருடம் யாரும் சொல்லாமல் இருந்ததைப் பற்றிச் சொன்னேன். பிறந்த வருடம் உத்தேசமாகச் சொன்னாலும் போதும் என்றாய். எங்கள் ஆட்களுக்கு வருடம் ஏது, பெரிய புயலுக்கு முன்னால், ஆயர் வந்த வருடத்துக்குப் பின்னால் என்று கணக்குப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். பெயர் சொல்லும்போது நீ எழுதினாய். கதை தொடங்கினால் பேனா நின்றுவிடும். எவ்வளவு ஆசையாகக் கேட்கிறான் என்று நினைத்தேன். உன்னுடைய தாளில் கதைக்குக் கட்டம் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

கடைசி ஞாயிறு, தாள்களை அடுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாய்.

"அப்பாவையும் எழுதட்டோ அம்மா?"

"அதென்ன கேள்வி? அவரை விட்டிட்டு ஆரை எழுதப் போறாய்? எழுது," என்றேன்.

அதுதான் என் சம்மதம். அதைக் கொண்டுபோய் அந்த நல்ல மனிதரிடம் அம்மா ஓம் என்று சொல்லிவிட்டா என்று கொடுத்திருக்கிறாய். பொய் சொல்லக்கூடாது என்பது உங்கள் வேதத்திலும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நீ ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டிருப்பாய். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆனால் இந்த வித்தையை நீ எங்கே படித்தாய் என்று யோசித்தால் விரல் என் பக்கமே திரும்புகிறது. உங்கள் சபையிலிருந்து வந்த அந்த இரண்டு அமெரிக்கப் பெடியங்களுக்கு முதலில் கதவைத் திறந்தவள் நான். ஆவணி மாத வெயில், கழுத்துப்பட்டி கட்டி, முகம் செம்பரத்தம்பூ நிறத்தில் வேர்த்து வழிய நின்றார்கள். நெஞ்சில் பெயர்ப்பலகை. அதில் மூப்பர் என்று எழுதியிருக்கிறது என்று நீ மொழிபெயர்த்தாய். எங்கள் ஊரில் மூப்பர் என்றால் அறுபது வயது, வெள்ளை வேட்டி, கோயில் திறப்புக் கொத்துக் கையில். இவர்களுக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. நானும் நீயும் உள்ளே போய்ச் சிரித்தோம். தேத்தண்ணீர் போட்டு வந்து வைத்தேன், வேண்டாம் என்றார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஊரில் எங்கள் வீட்டு வாசல் வரை வந்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போகிறவர்கள் யார், ஏன் குடிப்பதில்லை என்பதெல்லாம் உனக்குத் தெரியாது. உனக்கு அது தெரியவே கூடாது என்று நானும் அப்பாவும் நினைத்திருந்தோம். கடல் தாண்டி வந்தும் அதுவா என்று நினைத்துக் கோப்பைகளைத் திரும்ப எடுக்கப் போனேன். அப்போது அவர்களில் நெட்டையன் பச்சைத் தண்ணீர் கேட்டான். இரண்டு பேரும் எங்கள் வீட்டுக் குவளையில் மூன்று தரம் வாங்கிக் குடித்தார்கள். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். தேயிலை அவர்களுக்கு விலக்கு என்பது பிறகுதான் தெரிந்தது.

இலவசமாக இங்கிலிஷ் சொல்லித் தருவோம் என்றார்கள். உனக்கு அப்போது பதினேழு வயது. இத்தாலி நமக்கு இடைத்தங்கல், இங்கிலிஷ் வந்தால் கனடாவோ லண்டனோ போய்விடலாம் என்று இங்கே இருக்கிற எல்லாத் தாய்மாரும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். போகமாட்டேன் என்று சோம்பல் முறித்த உன்னை வாய்க்கு வாய் திட்டி அனுப்பினேன். ஆறு மாதத்தில் நீ ஒரு தாள் கொண்டு வந்தாய். ஞானஸ்நானம் எடுக்கப் போகிறேன், வயது காணாது, தாயோ தகப்பனோ கையெழுத்து வைக்க வேண்டும் என்றாய். ஏற்கனவே எடுத்ததுதானே, பிறகு எதற்கு இன்னொன்று என்று கேட்டேன். குழந்தையில் எடுத்தது கணக்கில்லை என்றாய். அது எனக்குச் சுட்டது. ஆனாலும் பெடியன் ஆசைப்படுகிறான், நாலு வெள்ளைக்காரப் பெடியங்களோடு பழகுகிறான், தெருவில் நின்று கெட்டுப் போகவில்லை, ஒரு வருடத்தில் அலுத்துப்போய்த் திரும்பி வருவான் என்று கணக்குப் போட்டேன். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்தை வைத்தேன். அன்றைக்காவது நீ தாளைக் கொண்டு வந்து முன்னால் வைத்தாய், அதுவரைக்கும் நேர்மையாகத்தான் இருந்தாய். மறைக்கலாம், அன்புக்காக மறைத்தால் பாவமில்லை என்று உனக்குக் காட்டிக் கொடுத்தது என்னுடைய கை. ஞாயிறுகளில் நீ எங்கே என்று அப்பா கேட்டபோதெல்லாம் இங்கிலிஷ் வகுப்பு என்று சொன்னதும் நான்தான். அவரும் ஓம் என்றுவிட்டு மாதா சுரூபம் தூக்குகிறவர்களோடு போய்விடுவார்.

இனி எழுதப் போவதை நீ அறியமாட்டாய். நானும் அப்பா சாகிறதற்கு ஒரு கிழமைக்கு முன்னால்தான் அறிந்தேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நாள் காலையில் எங்கள் சுவாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு எண்ணெய் பூசிவிட்டுப் போனார். பின்னேரம் நீ வந்தாய். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, எங்கட மூப்பர்மார் வந்து உங்கட தலையில் எண்ணெய் வைத்துச் செபிக்கட்டோ அப்பா என்று கேட்டாய். அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வரட்டும் என்றார். இரண்டு பேரும் வந்து தலையில் கைவைத்துச் செபித்துவிட்டு, உன்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு அப்பா நெற்றியைத் தடவிப் பார்த்து, "ரெண்டு எண்ணெயும் பூசியாச்சு, எது பிடிக்குதெண்டு பாப்பம்" என்றார். அந்த நிலையிலும் அவருக்குப் பகிடி. ஏன் ஓம் என்றீர்கள் என்று சண்டைக்குப் போனேன்.

"பெடியன் கேட்டால் எப்பிடியப்பா வேண்டாமெண்டு சொல்லுறது?" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் அண்டைக்கே கண்டனான்," என்றார்.

உன்னுடைய ஞானஸ்நானத்தை அவர் கண்டிருக்கிறார் மகனே. உங்கள் மண்டபத்துத் தொட்டியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று ஸ்ஃபெர்ராகவால்லோக் கடலில் வைத்தார்கள் அல்லவா. அப்பா சியாகுல்லித் தோட்டத்தில் மந்தரீன் தோடம்பழம் பிடுங்குகிற வேலையை விட்டு அங்கே சாப்பாட்டுக் கடையில் சேர்ந்து கொஞ்ச நாள். அவருக்குப் பின்னேர வேலை, காலையில் அங்கே இருக்கமாட்டார் என்று நாம் இரண்டு பேரும் கணக்குப் பண்ணித்தானே ஒத்துக்கொண்டோம். அன்று ஏதோ கலியாண விருந்தென்று முதலாளி அவரைக் காலையிலேயே கூப்பிட்டிருக்கிறார். நான் உன்னை அனுப்பிவிட்டு சிஞ்ஞோரா வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் கடையின் பின்வாசலில் வாளியோடு இருந்து மட்டி சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறார். வெள்ளை உடுப்போடு ஒரு கூட்டம் கடலுக்குள் இறங்குவதைக் கண்டு, இதென்ன கூத்து என்று எட்டிப் பார்த்தால், நடுவில் நீ.

"தண்ணிக்குள்ள தாழ்த்தேக்கை பயந்திட்டன். பெடியனுக்கு நீந்தத் தெரியாதெல்லே. ஓடிப்போவம் எண்டு எழும்பினன். அதுக்கிடையிலை அவன் எழும்பிச் சிரிச்சான். சரியெண்டிட்டு நான் மட்டியைப் பாத்தன்," என்றார்.

இரண்டு வருடம் அந்த மனிதர் அதை மனதில் வைத்துக்கொண்டு, பெடியன் எங்கே என்று கேட்டு, நான் சொன்ன இங்கிலிஷ் வகுப்பை நம்பினவர் மாதிரி இருந்திருக்கிறார். உன்னிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. திருநாளுக்குச் சுரூபம் தூக்க வா என்று உன்னைக் கூப்பிட்டபோது நீ வேலை என்றாய், அவர் சரி என்றார். பிறகு யாரிடமோ, பெடியனுக்குத் தோள் வலி என்று சொல்லிச் சமாளித்தார். இதை உனக்குச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் என் வெட்கம்தான். எங்கள் இரண்டு பேருடைய பொய்யையும் அவர் சுமந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் திங்கள் காலை நீ சப்பாத்துக் கட்டும்போது வந்து நின்றேன். அப்பாவை நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். நீ உடனே விளங்கிக்கொண்டாய், மழுப்பவில்லை, அந்த மட்டில் சந்தோசம்.

"அப்பாக்காக நான்தான் தண்ணிக்குள்ள இறங்கினனான் அம்மா. அவரின்ரை பேரைச் சொல்லித்தான் என்னைத் தாழ்த்தினவை. அந்த நேரம் அவர் எனக்குப் பக்கத்திலை நிண்ட மாதிரி இருந்தது."

"என்னட்டைக் கேட்டனியோ?"

"கேட்டால் வேண்டாமெண்டு சொல்லியிருப்பியள்."

எவ்வளவு சுலபமாகச் சொன்னாய். அது கேட்காமல் விட்டதற்கு நியாயம் என்று நினைக்கிறாய். அது கேட்டிருக்க வேண்டியதற்கு நியாயம் என்பது உனக்கு உறைக்கவில்லை. பிறகு நீ ஆறுதல் சொல்லத் தொடங்கினாய். இது கட்டாயம் இல்லை அம்மா, கதவைத் திறந்து விட்டிருக்கிறோம், அவ்வளவுதான், அப்பாவுக்கு விருப்பமில்லாவிட்டால் அங்கே வேண்டாம் என்று சொல்லலாம் என்றாய். ஒரு நாள் உங்களையும் அப்பாவையும் என்னையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவைக்கலாம், பிறகு என்றைக்கும் பிரிவில்லை என்றாய். எங்களை மன்னாரில் கோயிலில் வைத்துக் கட்டித்தான் வைத்தார்கள் என்றேன். அது சாவு வரைக்கும்தானே அம்மா, அந்த வார்த்தைப்பாட்டிலேயே அப்படித்தானே சொல்கிறார்கள், அது முடிந்துபோயிற்று என்றாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு நீயே பயந்துபோனாய். நீ என்னை நோகடிக்கச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். உண்மையில் நம்பிச் சொன்னாய், அதுதான் கூட நொந்தது. இருபத்தாறு வருடம் ஒரு மனிதனோடு குடும்பம் நடத்திவிட்டு, அது முடிந்துபோயிற்று என்று பெற்ற பிள்ளையின் வாயால் கேட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சிஞ்ஞோராவின் கோப்பை ஒன்று கைதவறி உடைந்தது.

அன்று பின்னேரமே சுவாமியாரிடம் போனேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். செத்தவருக்கு யார் எங்கே எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது, மனதைப் போட்டு அலட்டாதே, பெடியனோடு கோபிக்காதே என்றார். அவருக்கு அது சின்ன விசயம். ஆனால் சேமக்காலையில் அப்பாவின் கல்லுக்கு முன்னால் போய் நின்றபோது என் செபம் நடுவில் நின்றுவிட்டது. அவருடைய பெயர் இங்கே கல்லில் இருக்கிறது, அங்கே உங்கள் புத்தகத்திலும் இருக்கிறது. நான் யாரைக் கூப்பிடுகிறேன், அவர் எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகமே இல்லாமல் நின்ற ஒரே இடம் அது. அதையும் நீ கலைத்துவிட்டாய்.

நீ கெட்டவன் என்று நான் எங்கேயும் சொல்லமாட்டேன். குடிக்கமாட்டாய், புகைக்கமாட்டாய், ஒரு பெண்பிள்ளையை ஏறிட்டுப் பார்க்கமாட்டாய், கிழவர்களுக்குச் சாமான் தூக்கிக் கொடுப்பாய். இங்கே இருக்கிற எங்கள் பெடியங்களின் தாய்மார் உன்னைக் காட்டித்தான் தங்கள் பிள்ளைகளைத் திட்டுகிறார்கள். இனி நீயும் ஒரு பெயர்ப்பலகை குத்திக்கொண்டு, இருபத்திரண்டு வயதில் மூப்பராகி, யாரோ ஒரு வீட்டின் மணியை அடிக்கப் போகிறாய். கதவைத் திறக்கிறவள் பெரும்பாலும் ஒரு தாயாக இருப்பாள். என்னைப் போல வேலை முடிந்து கால் வலியோடு வந்து திறப்பாள். அவள் கேத்தலை அடுப்பில் வைக்க முன்னமே, கோப்பி, தேத்தண்ணீர் குடிக்கமாட்டோம் என்று சொல்லிவிடு. ஊற்றிய பிறகு சொல்லாதே. அவளுடைய பிள்ளைக்கு இங்கிலிஷ் சொல்லித் தருகிறேன் என்று தொடங்காதே. முதலில் எல்லாவற்றையும் சொல்லிவிடு. இவன் எங்களோடு வந்தால் உன்னோடு பூசைக்கு வரமாட்டான், குழந்தையில் நீ கொடுத்த ஞானஸ்நானம் கணக்கில்லை என்பான், பிறகு ஒரு நாள் உன் செத்தவர்களின் பெயர்களைக் கேட்டு வருவான் என்று சொல். அத்தனையும் கேட்ட பிறகும் அவள் கதிரையை இழுத்துப் போட்டால் இரு. சாத்தினால் அடுத்த வீட்டுக்குப் போ. உன் தேவன் அதற்காக உன்னைக் கோபிக்கமாட்டார். நேராகச் சொன்னால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று உன் கூட்டாளி சொன்னால், நீ என்னிடம் சொன்ன அதே வார்த்தைதான் அது என்று ஞாபகம் வைத்துக்கொள்.

குளிருக்கு உள்ளே போடுகிற பனியனை மறந்துவிடாதே. பெர்மெஸ்ஸோவின், அந்த வதிவிட அனுமதியின், நகலை வேறு பையில் வை. கிழமைக் கடிதத்தைத் தமிழில் எழுது, உனக்கு எழுத்துப் பிழைத்தால் பரவாயில்லை. நீ சாப்பிட்டாயா, அதைத்தான் எழுத வேண்டும். என்னைத் திருத்துகிற வசனங்கள் எழுதினால் அந்தத் தாளை மடித்து வைத்துவிடுவேன்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். உங்கள் சட்டப்படி ஒருவர் செத்து ஒரு வருடம் போனால் அவருடைய பெயரை எழுதலாமாம், தலைவர் அதையும் சொன்னார். எனக்கும் ஒரு நாள் அந்த ஒரு வருடம் முடியும். அப்போது சம்மதம் கேட்க மிக நெருங்கிய உறவு யார்? நீதான். உன்னிடம் நீயே கேட்டு, நீயே ஓம் சொல்லி, வெள்ளை உடுப்போடு போவாய். என் பெயரைச் சொல்ல ஒரு பெண்பிள்ளையை, உன் மனைவியையோ மகளையோ, தண்ணீரில் இறக்குவாய். அன்பாகத்தான் செய்வாய், அழுதுகொண்டுதான் செய்வாய்.

ஆகவே உயிரோடு இருக்கும்போதே, என் கையாலேயே எழுதித் தருகிறேன். என் பெயரை எழுதாதே. உடனே நீ சொல்லப் போவதும் எனக்குத் தெரியும். விருப்பமில்லாவிட்டால் அங்கே வேண்டாம் என்று சொல்லலாம் அம்மா என்பாய். அதுதான் மகனே என் பயம். உன் அப்பா அங்கே என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவர் இப்போது அந்தப் பக்கம்தான் நிற்பார். நாளைக்கு நான் அங்கே போன பிறகு நீ கேட்டால் நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். என் மாதாவை, என் கோயிலை, என் செபத்தை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு, பிள்ளை கேட்டான் என்று வந்துவிடுவேன்.

தயவுசெய்து என்னிடம் கேட்காதே.

அம்மா